பீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி எத்தனை முறை இறுதிச்சுற்றில் ஆடியது?

கேள்வி: 2021-இல்தான் சன்ஸைப் பார்க்கத் தொடங்கினேன். முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றுவிட்டு மில்வாக்கியிடம் தொடரை இழந்தது இன்னும் மனசுக்கு ஆறவில்லை. அதற்கு முன் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) இறுதிச்சுற்றுக்குப் போயிருக்கிறார்களா?

பதில்: 1976, 1993. இரண்டிலும் இதே போல 4-2 என்ற ஆட்டக் கணக்கில் தோல்விதான்.

பதில்: 1976-இன் ஐந்தாம் ஆட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். பாஸ்டனில் மூன்று கூடுதல் நேரம் ஆடினார்கள். இரண்டாவது கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் சன்ஸின் கார்ஃபீல்ட் ஹெர்ட் உயரத் தூக்கி எறிந்த பந்து கூடைக்குள் இறங்கும்போது எனக்கு இன்றும் மூச்சு நின்றுவிடும். கடைசியில் பாஸ்டன் செல்டிக்ஸ் 128-126 என வென்றது.

பதில்: எனக்கு 1993தான் வலி. சன்ஸின் பார்க்லி அந்த ஆண்டின் எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த வீரர்). ஆறாம் ஆட்டத்தில் 3.9 நொடி மிச்சமிருக்க, சிகாகோ புல்ஸ் வீரர் பேக்ஸனின் மூன்று புள்ளி எறிதல். புல்ஸ் 99-98 என வென்றது.

கேட்டவர்: சரி, இன்றிரவு 1976 ஆட்டம்தான்.