ஹெக்கிள் என்றால் வெறும் கேலியா?

செய்திமேசை கேட்டது:

வணக்கம். ஒரு செய்தித்தளத்துக்காக ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அமைச்சர் பேசும்போது அவரை ‘ஹெக்கிள்’ செய்தார்கள் என்று அடிக்கடி வருகிறது. அகராதியைப் பார்த்தால் கேலி செய், தொல்லை கொடு என்று போட்டிருக்கிறது. ‘அமைச்சரைக் கேலி செய்தனர்’ என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. இன்னொரு பக்கம் கூட வேலை பார்க்கும் நண்பர் ‘டீம்ல என்னை எப்பவும் ஹெக்கிள் பண்றாங்க’ என்று சாதாரணமாகச் சொல்கிறார். அது சரியா? டீஸ், மாக், ஜீர், டான்ட் எல்லாம் இதுவேதானா, எங்கே எதைப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:

உங்களுக்கு ஒட்டாமல் தெரிந்தது சரிதான் தம்பி. ஹெக்கிள் என்று சொல்ல வேண்டுமானால் முன்னால் நின்று ஒருவர் பேச வேண்டும், அதைக் கேட்க ஒரு கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்துக்குள் இருந்தே ஒருவர் குறுக்கே குரல் கொடுக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் அந்தச் சொல் பொருந்தாது. கேலி அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2009 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டு அமர்வில் ஒபாமா மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஜோ வில்சன் என்ற உறுப்பினர் ‘நீ சொல்வது பொய்’ என்று கத்தினாரே, அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அது ஹெக்கிள்தான்.

உங்கள் நண்பர் சொல்ல வேண்டியது டீஸ். பழகியவர்களுக்குள் வம்புக்கு இழுப்பது, கலாய்ப்பது. மாக் அதைவிடக் கடுமை, ஒருவர் நடையையும் பேச்சையும் அப்படியே செய்துகாட்டிப் பழிப்பது, அதற்கு அந்த ஆள் எதிரில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டான்ட் என்றால் குத்திக்காட்டி உசுப்பேற்றுவது. ஜீர், கூட்டமாகச் சேர்ந்து எள்ளிக் கூச்சல் போடுவது. அப்புறம் ‘பேரக்’ என்று ஒன்று இருக்கிறது, அதில் ஜாக்கிரதையாக இருங்கள்: இங்கிலாந்தில் ஒரு ஆட்டக்காரரைப் பேரக் செய்தார்கள் என்றால் கத்திக் கிண்டல் செய்தார்கள் என்று அர்த்தம், ஆஸ்திரேலியாவில் ஒரு அணிக்காகப் பேரக் செய்தார்கள் என்றால் ஆதரித்து ஆரவாரம் செய்தார்கள் என்று அர்த்தம். விளையாட்டுச் செய்தியில் நாட்டைப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் தலைகீழாகிவிடும்.

டண்டீவாசி:

வாத்தியார் ஐயா சொன்னதற்கு மேல் கொஞ்சம் சரித்திரம் சேர்க்கிறேன், ஏனென்றால் நான் இருப்பது ஸ்காட்லாந்தின் டண்டீயில், இந்தச் சொல் மேடைக்கு ஏறிய கதையில் இந்த ஊருக்கு ஒரு பங்கு உண்டு.

ஆளிச்செடியின் தண்டை ஊறவைத்து அடித்துக் கட்டைப் பகுதியை உதிர்த்த பிறகு நாரைச் சீவ வேண்டும். பலகையில் வரிசை வரிசையாக இரும்பு முள் நட்டிருக்கும். ஒரு பிடி நாரை அதன்மேல் வீசி இழுப்பார்கள், முதலில் அகலமான முள், அப்புறம் நெருக்கமான முள். சிக்கும் குட்டை நாரும் முள்ளோடு நின்றுவிடும், நீள நார் மட்டும் நேராகி வெளியே வரும். அந்த முள்பலகைதான் ஹெக்கிள், சீவுகிற தொழிலாளி ஹெக்ளர். டண்டீயின் ஹெக்ளர்கள் சங்கம் சேர்ந்து போராடுவதில் பேர்போனவர்கள். பட்டறையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர்கள் சீவிக்கொண்டே குறுக்கே வாதம் செய்வார்கள் என்று இங்கே சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் தேர்தல் வேட்பாளரை மேடையில் நிறுத்திக் கேள்வியால் துளைப்பதற்கும் அதே சொல் வந்துவிட்டது. அதாவது அப்போது அது ஒரு வாக்காளன் செய்ய வேண்டிய வேலை.

1905 அக்டோபரில் மான்செஸ்டரில் லிபரல் கட்சிக் கூட்டம். கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டும் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்த ஆனி கென்னியும் எழுந்து, உங்கள் அரசு வந்தால் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பீர்களா என்று அந்தக் கட்சித் தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் கிரேயிடம் கேட்டார்கள். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும் வெளியே இழுத்துப் போட்டார்கள், அபராதம் கட்ட மறுத்ததால் கிறிஸ்டபெலுக்கு 7 நாள், ஆனிக்கு 3 நாள் சிறை. 1908 இடைத்தேர்தலில் சர்ச்சில் இதே டண்டீயில் நின்றபோது பெண் வாக்குரிமைக்காகப் போராடிய மேரி மலோனி என்ற பெண் கைமணியை ஆட்டி ஆட்டியே அவரைப் பேசவிடாமல் செய்தார். தேர்தலில் சர்ச்சில் ஜெயித்தார், அது வேறு விஷயம். இவர்கள் செய்ததையெல்லாம் ‘கேலி’ என்று தமிழில் எழுதினால் அது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். நேராகக் கேட்டதற்குப் பதில் வந்திருந்தால் அவர்கள் கத்தியே இருக்க வேண்டாம்.

மைக்பிடிப்பவன்:

ஸ்டாண்டப் காமெடியிலும் இந்தச் சொல் நிறைய வரும், சப்டைட்டில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காமெடியனே முன்வரிசைக்காரரைப் பார்த்து ‘அண்ணா, எங்க வேலை பாக்குறீங்க’ என்று கேட்டு அவர் பதில் சொன்னால் அது ஹெக்கிள் இல்லை, ஷோவில் ஒரு பகுதி. கேட்காமலே, பஞ்ச்லைன் வருகிற அரை விநாடி முன்னால் ‘இது பழைய ஜோக்’ என்று ஒருவர் கத்துகிறாரே, அதுதான். எழுதிப் பழகி வந்த டைமிங் அங்கேயே செத்துவிடும். அதற்குக் காமெடியன் திருப்பிக் கொடுப்பதை நம் வழக்கில் ‘கவுன்ட்டர்’ என்றே விட்டுவிடலாம். சர்ச்சிலிடம் மணி அடித்ததையும் இதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசில்லை, இங்கே எதிரில் நிற்பவர் யாரையும் ஆளவில்லை.

கறுப்புக்கோட்டு:

சட்டச் செய்தியில் ‘ஹெக்ளர்ஸ் வீட்டோ’ என்று வரும், அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். ஹாரி கால்வன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரின் தொடர் அது. எதிர்ப்பாளர்கள் கலாட்டா செய்வார்கள் என்று சொல்லி அரசே பேச்சாளரின் வாயை மூடினால், கத்துகிறவன் கையில் தடை அதிகாரத்தைக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. நம் ஊர் வழக்கே இதற்கு இருக்கிறது: 1989இன் ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம். இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆர்ப்பாட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது, எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். நான் எழுதினால் ‘கூச்சலுக்குப் பணிந்து விதிக்கும் தடை’ என்று எழுதுவேன். நீளம்தான், ஆனால் படிப்பவருக்குப் புரியும்.

செய்திமேசை:

எல்லோருக்கும் நன்றி. இன்றைய செய்தியை ‘அமைச்சர் பேசிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து சிலர் குறுக்கிட்டுக் கூச்சலிட்டனர்’ என்று மாற்றிவிட்டேன். என்ன சொல்லிக் கத்தினார்கள் என்பதையும் அடுத்த வரியில் சேர்த்தேன். ஹெக்ளர் என்ற ஆளுக்கு ஒற்றைச் சொல் ஏதாவது உண்டா?

பழைய வாத்தியார்:

தேட வேண்டாம் தம்பி. ‘கூட்டத்திலிருந்து ஒருவர்’ என்று எழுதி, அவர் சொன்னதை அப்படியே போடுங்கள்.