ஈக்வடோரியல் மவுண்டும் நம்ம ஊர் 12 டிகிரியும்

பாலக்கோடு மாடி:
தொலைநோக்கியைத் தாங்கும் ஈக்வடோரியல் மவுண்டின் அச்சு வான துருவத்தைப் பார்க்க வேண்டும், அதாவது நம்ம ஊர் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். அதனால் அச்சை 12 டிகிரிக்கு இறக்கி, ட்ரைபாடின் (முக்காலியின்) முன்காலை வடக்கே வைத்து, ரசமட்டமும் பார்த்தாயிற்று. நிலா தெற்கே உச்சியில் இருந்தவரை ஒரு வம்பும் இல்லை. சனி கிழக்கே தலைகாட்டியதும் எதிர்வீட்டு அத்தை, காலாண்டு லீவுக்கு வந்த பேரனோடு மாடியேறி வந்தார். அச்சை இறுக்கும் கிளட்சைத் தளர்த்தித் தொலைநோக்கியைக் கிழக்கே திருப்பினேன். டங்! குழாய்க்குச் சமன் செய்யத் தண்டில் மாட்டிய 5 கிலோ எதிர் எடை முன்காலில் மோதிப் பெயிண்ட் உதிர்ந்தது. குழாய் சனிக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. "அவ்ளோதானா மாமா?" என்றான் பையன். அத்தை ஒன்றும் சொல்லாமல் அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கிருஷ்ணகிரி:
என் வீட்டிலிருந்து துருவ நட்சத்திரமே கண்ணில் படாதுங்க. கோட்டை மலைக்குத் தெற்கே வீடு, வடக்கை மலை மறைத்துவிடும். போன் காம்பஸை நம்பினேன். மேல்மாடிக்கு விட்ட கம்பிகளுக்குப் பக்கத்தில் அது ஒவ்வொரு தடவையும் ஒரு வடக்கைக் காட்டியது. மோட்டார் ஓட ஓட வியாழன் நழுவிப் போனது.

பாலக்கோடு அண்ணா, ரசமட்டமே தேவையில்லை. அச்சு துருவத்தைப் பார்த்தால் போதும். முன்காலை வடக்கே வைக்கச் சொல்வது 40, 50 டிகிரி ஊர்க்காரர்களுக்கு. நமக்கு அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடப்பதால் எடை நேராகக் கால் மேல்தான் இறங்கும். சில மவுண்டுகளில் ட்ரைபாட் தலையில் உள்ள முளையை (பக்கவாட்டுத் திருகுகள் பிடித்துத் தள்ளுவது இதைத்தான்) கழற்றி மாற்றி மாட்டலாம். அப்படிச் செய்து ஒரு காலைத் தெற்கே தள்ளினால், வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவே எடை இறங்கும். தண்டின் நுனியில் ஒற்றை எடையைத் தொங்கவிடாமல், இன்னொரு எடையும் சேர்த்து இரண்டையும் மேலே ஏற்றி மாட்டுங்கள். அப்புறம், வடக்கு தெரியாவிட்டால் வேட்டைக்காரன் (ஓரியன்) கூட்டத்தின் பெல்ட்டில் மேலே இருக்கும் நட்சத்திரம் தெற்கே உச்சிக்கு வரும்போது, மோட்டாரை ஓடவிட்டு ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) வைத்துப் பாருங்கள். அது வடக்கே நழுவினால் அச்சு மேற்கே திரும்பியிருக்கிறது. தெற்கே நழுவினால் கிழக்கே.

தளி:
ரசமட்டம் வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாய்ந்த ட்ரைபாடில் பக்கவாட்டுத் திருகைத் தொட்டால் உயரமும் சேர்ந்து மாறும். புதிதாகக் கற்பவர் நொந்துபோவார்.

என் கதை இதைவிடக் கேவலம். இங்கே வடக்கே பெங்களூரு வெளிச்சம். மே மாத நள்ளிரவில் வடக்கே பளிச்சென்று ஒன்றே ஒன்று தெரிந்தது. மவுண்டின் டிகிரி ஸ்கேல்தான் தப்பு என்று திட்டிக்கொண்டே அச்சை 28 டிகிரிக்கு ஏற்றி அதைப் பிடித்தேன். விடிகாலை வரை பார்த்த எல்லாமே ஐபீஸை விட்டு நழுவி ஓடியது. நான் பிடித்தது கோச்சாப் என்ற வேறொரு நட்சத்திரம். துருவ நட்சத்திரம் அதற்குக் கீழே அந்த வெளிச்சத்தில் முங்கிக் கிடந்தது. காவலூர் வானாய்வகம் போய் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதுவும் ஈக்வடோரியல்தான், பன்னிரண்டரை டிகிரி. அவ்வளவு பெரிய அச்சு எவ்வளவு தாழ்வாக வடக்கே பார்க்கிறது!

பாலக்கோடு மாடி:
முளையை மாற்றிவிட்டேன். நேற்று கிழக்கே திருப்பியபோது மோதவில்லை, சனியின் வளையம் கத்தி மாதிரி தெரிந்தது. ரசமட்டமும் பார்த்தேன், கோபிக்காதீர்கள் கிருஷ்ணகிரி. பையன்தான் லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டான்.