எம்.வி.பி.க்குத் தமிழ்: ‘போணிப் பொருள்’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பொறியியல் மாணவர்களுக்கான தொழில்முனைவுப் பாடக் குறிப்பில் ‘மினிமம் வயபிள் பிராடக்ட்’ (எம்.வி.பி.; முழுப் பொருளையும் செய்து முடிக்குமுன் வாங்குகிறவரிடம் கொடுத்துப் பார்க்கும் முதல் எளிய வடிவம்) என்பதைக் ‘குறைந்தபட்ச சாத்தியமான தயாரிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறோம். ஆந்திரத்தின் நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து வரும் என் மாணவர்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிறவர்கள். அதைப் படித்துவிட்டு, “மட்டமான சரக்கா சார்?” என்று கேட்டார்கள். ‘குறைந்தபட்சம்’ என்றதும் மனம் தரத்துக்குப் போய்விடுகிறது.

> ‘வெள்ளோட்டப் பொருள்’ என்று சொன்னால் என்ன?

ஐயா, அழகான சொல். ஆனால் வெள்ளோட்டத்தில் தேர் முழுதாக முடிந்திருக்கும், சாமிதான் இருக்காது. எம்.வி.பி.யில் தேருக்குச் சக்கரமும் ஒரு பலகையும்தான் ஆகியிருக்கும், ஆனால் சாமி ஏறி உட்கார்ந்தாயிற்று. வாங்குகிறவரைத்தான் சொல்கிறேன். ஃபிராங்க் ராபின்சன் 2001இல் உண்டாக்கி, தொழில்முனைவு நூலாசிரியர் எரிக் ரைஸ் பரப்பிய இந்தக் கருத்தின் உயிரே வாங்குகிறவர்தான்: குறைந்த உழைப்பில் அவரைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்வது. வெள்ளோட்டத்தை ‘பைலட்’ எனும் முன்னோட்டச் சோதனைக்கு வைத்துக்கொள்வோம்.

போன பருவத்தில் நாலு மாணவர்கள் விசைத்தறிக்கு ஒரு கருவி செய்தார்கள். பாவு இழை அறுந்தால் பஸ்ஸர் அடிக்கும், கைபேசிக்கும் செய்தி போகும். பருவம் முழுக்க அதிலேயே கழிந்தது. நகரியில் ஒரு தறிக் கொட்டகையில் கொண்டுபோய் மாட்டினோம். தறிச் சத்தத்தில் பஸ்ஸர் யார் காதிலும் விழவில்லை. கைபேசியை எடுத்துப் பார்க்கத் தறிக்காரருக்குக் கை ஒழியவில்லை, தறிக்குத் தறி நடந்தபடியே இருந்தார். “மேல ஒரு சிவப்பு பல்பு போடுங்க தம்பி, அது போதும்” என்றார்.

மறுவாரம் உணரியையும் பல்பையும் மட்டும் ஒரு மரப்பலகையில் திருகி எடுத்துப் போனார்கள். தறிக்காரர் ஒரு தறிக்கு வாங்கிக்கொண்டு, “போணி பண்ணிட்டேன், நல்லா வருவீங்க” என்று பணத்தை நீட்டினார். அப்போதுதான் எனக்குச் சொல் கிடைத்தது: ‘போணிப் பொருள்’.

> காசு வாங்காமலும் எம்.வி.பி. உண்டே? இணையக் கோப்புச் சேவையான டிராப்பாக்ஸ் ஒரு காணொளியைக் காட்டித்தானே ஆள் சேர்த்தது?

நியாயமான கேள்வி அம்மா. அங்கேயும் பார்த்தவர்கள் பெயரைப் பதிந்து காத்திருந்தார்கள். காசில்லாவிட்டாலும் வாங்குகிறவர் தம் பக்கமிருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டார். வெறுமனே ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனால் அது போணி இல்லை. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நண்பர்கள் பாராட்டியதையெல்லாம் கணக்கில் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

அப்புறம், போணி நேரத்தில் கடைக்காரர் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார், விலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், கேட்டதை எடுத்துக் காட்டுவார். புத்தொழில் தொடங்குகிற பிள்ளைகளுக்கு அந்தப் பணிவும் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ‘போணியாகவில்லை’ என்று எதிர்மறையிலும் இயல்பாக வரும். தெலுங்கிலும் போணி போணிதான், அதனால் எங்கள் வகுப்பில் விளக்கமே தேவைப்படவில்லை.

எனக்குள்ள ஒரே தயக்கம் பாலக்காட்டுப் பக்கத்தைப் பற்றியது. மலையாளத்தில் முதல் விற்பனையைக் கைநீட்டம் என்பார்கள். அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குப் ‘போணி’ சட்டென்று பிடிபடுகிறதா? அங்கே கற்பிக்கிற நண்பர்கள் வகுப்பில் கேட்டு எழுதுங்கள். குறிப்பு அச்சுக்குப் போக இன்னும் 3 வாரம் இருக்கிறது.