டிஸ்னிலாண்ட் பரிஸ்: ஐந்து பேர் கொண்ட குடும்பம் எங்கே தங்குவது, எப்படிப் போய்வருவது?

குறொய்டன்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஓகஸ்ட் மாதத்தில் டிஸ்னிலாண்ட் பரிஸுக்குப் போகத் தீர்மானித்திருக்கிறோம். நானும் கணவரும், பதினொரு வயது மகனும், ஆறு வயது மகளும், முழங்கால் வலியோடு நடக்கும் என் அம்மாவுமாக மொத்தம் ஐந்து பேர். சனிக்கிழமை பிற்பகல் யூரோஸ்டாரில் பரிஸின் கார் து நோர் நிலையத்தில் வந்திறங்கி, செவ்வாய்க்கிழமை மாலை அங்கிருந்தே திரும்புவதாகச் சீட்டு எடுத்தாயிற்று. இலண்டனிலிருந்து பூங்கா வாசல் வரை நேரடியாக ஓடிய யூரோஸ்டார் 2023 ஜூனோடு நின்றுவிட்டதால், பரிஸ் நகருக்குள் தொடருந்து மாறித்தான் போகவேண்டும் என்பதும் தெரியும். ஞாயிறும் திங்களும் பூங்காவுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம்; நுழைவுச்சீட்டு மட்டும் இன்னும் வாங்கவில்லை.

சிக்கல் தங்குமிடத்தில்தான். இரவொன்றுக்கு 150 யூரோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கணவர் சொல்கிறார். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதிகளின் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். பரிஸ் நகரின் நடுவே தேடினால் மலிவாகக் கிடைக்கும் அறைகள் எல்லாம் இருவருக்கோ மூவருக்கோ உரியவையாக இருக்கின்றன. "டிஸ்னிக்கு அருகில்" என்று போட்டிருக்கும் விடுதிகள் ஏராளம். ஆனால் வரைபடத்தில் அவை எங்கெங்கோ சிதறிக் கிடப்பதால், எதிலிருந்து நடந்து போகலாம், எதற்குப் பேருந்து வேண்டும் என்று விளங்கவில்லை. இரவு வாணவேடிக்கை பார்க்காமல் திரும்பமாட்டோம் என்று பிள்ளைகள் இருவரும் இப்போதே அடம்பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் அம்மாவையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு தொடருந்தில் திரும்புவது நடக்கிற காரியமா? பயண அட்டையில் எதை வாங்கவேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மார்ன் நதிக்கரை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் பதினான்கு ஆண்டுகளாக நுவாசியேலில், அதாவது பரிஸையும் புறநகரையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். தொடருந்துகளில் பூங்காவுக்குப் போகும் 'ஏ' பாதையின் ஓரத்தில் குடியிருக்கிறேன். வருகிற உறவினர்களையெல்லாம் அங்கே கூட்டிப்போய்க் காட்டுவது எனக்கு ஏறத்தாழ இரண்டாவது வேலை போல ஆகிவிட்டது.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். பழைய பதிவுகளில் "பூங்காவிலிருந்து ஒரு நிலையம் தள்ளித் தங்கினால் பயணச் செலவு மிச்சம்" என்று எழுதியிருப்பார்கள். அது இப்போது பொருந்தாது. 2025 சனவரியிலிருந்து பரிஸையும் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய இல்-து-பிரான்ஸ் மாகாணம் முழுவதற்கும் தொடருந்துச் சீட்டு ஒரே விலையாக்கப்பட்டு, 2.50 யூரோ என்று தொடங்கியது. விமான நிலையங்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஆகவே பரிஸின் நடுவிலிருந்து 32 கிலோமீட்டர் போனாலும், அடுத்த நிலையத்தில் ஏறி இறங்கினாலும் கட்டணம் ஒன்றுதான். நான்கு வயதிலிருந்து ஒன்பது வயது வரை அரைக்கட்டணம் என்பதால் உங்கள் மகளுக்குப் பாதி, மகனுக்கு முழு விலை. தொடக்க விலையில் கணக்கிட்டால் ஐந்து பேருக்கும் ஒருவழிக்கு 11.25, போய்வர 22.50 யூரோ; இப்போது சில சதங்கள் கூடவாகும். எங்கே தங்கினாலும் இந்தத் தொகை மாறாது. பூங்காவுக்குக் கிட்டத் தங்குவதால் மிஞ்சுவது பணம் அல்ல, இரவில் ஒரு மணி நேரத் தூக்கம்.

அந்த ஒரு மணி நேரத்தை அற்பமாக எண்ணாதீர்கள். கோடையில் இருட்டுவதற்கே பத்து மணியாகும் என்பதால் வாணவேடிக்கை முடிந்து வெளியேறும்போது பதினொரு மணியை நெருங்கிவிடும். மார்ன்-லா-வலே ஷெஸ்ஸி நிலையம் பூங்கா வாசலிலிருந்து இரண்டு நிமிட நடையில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் நடப்பார்கள். போன கோடையில் என் தங்கையின் மகன் அங்கே வாங்கிய நீர்க்குமிழித் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே என் தோளில் தூங்கிப்போனான். அது ஒளிர்ந்துகொண்டும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டும் இருந்தது. அதை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அந்தப் பெட்டியில் இருந்த எவருக்கும் தெரியவில்லை. நாங்கள் நுவாசியேலில் இறங்கிவிட்டோம். பரிஸ் வரை போகவேண்டியவர்களுக்கு ஷத்லே-லெ-ஆல் நிலையம் வரைக்கும் நாற்பது நிமிடம், பிறகு அங்கே மாறுவது வேறு.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது வால் டூரோப் நிலையத்தைச் சுற்றியுள்ள செரிஸ் பகுதி. ஷெஸ்ஸிக்கு முந்திய நிலையம் அது. சமையலறையோடு கூடிய அடுக்குமாடி விடுதிகள் அங்கே இருக்கின்றன. ஐந்து பேரை ஒரே வீட்டில் அனுமதிக்கும் இடம் தேடுவோருக்கு இதுவே வழி, ஏனென்றால் இந்நாட்டின் சாதாரண விடுதி அறைகள் பெரும்பாலும் நான்கு பேரோடு நின்றுவிடும். நிலையத்துக்கு எதிரே பெரிய அங்காடி வளாகமும் அதனுள் ஓஷான் பேரங்காடியும் இருப்பதால், காலையில் பாண், பால், முட்டை வாங்கிக்கொண்டால் அம்மாவுக்கு உணவுப் பிரச்சினையும் தீரும். ஓகஸ்டில் 150 யூரோவுக்குள் வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்யுங்கள். பணம் திரும்பத் தரக்கூடிய பதிவாக எடுத்தால், பின்னர் விலை இறங்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

மான்யி-லெ-ஓங்ர் பக்கத்தில் ஒரு வரிசையாகச் சில விடுதிகள் உண்டு. அவற்றிலிருந்து பூங்காவுக்கு இலவசப் பேருந்து விடுகிறார்கள். நிலையப் படிகளே ஏறாமல் போகலாம் என்பது உங்கள் அம்மாவுக்கு நல்லது. ஆனால் ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுக்கவேண்டி வந்தால் கணக்குப் பிசகிவிடும்.

லாச்சப்பல் தம்பி எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதை மதிக்கிறேன்; ஆனால் எல்லோரையும் செரிஸுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. கார் து நோரில் இறங்கி அங்கிருந்தே திரும்பும் குடும்பம், அதன் அருகே நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் சுற்றுவட்டத்தில் தங்கினால், வரும் நாளும் திரும்பும் நாளும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அலையவேண்டியதில்லை. பூங்கா நாட்கள் போக மிஞ்சும் நேரத்தையும் பரிஸில் கழிக்கலாம். இரவு பதினொன்றரைக்குத் திரும்பினாலும் கொத்துரொட்டியாவது கிடைக்கும். செரிஸில் அந்த நேரத்தில் கதவு தட்டினாலும் யாரும் திறக்கமாட்டார்கள்.

ஷத்லே-லெ-ஆலில் மாறுவதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. முழங்கால் வலியுள்ளவரை அந்தச் சனவெள்ளத்தில் படி ஏற்றி இறக்குவது சரியல்ல என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதற்கு மாற்றுவழி இருக்கிறது. கார் து நோரோடு நிலத்தடியில் இணைந்திருக்கும் மஜெந்தா நிலையத்தில் ஆர்.இ.ஆர். 'ஈ' ஏறுங்கள். வில்லியே-சூர்-மார்ன் அல்லது தூர்னான் போகும் வண்டியாகப் பார்த்து ஏறி, வால் து ஃபொந்த்னேயில் இறங்கி 'ஏ' பாதைக்கு மாறினால் ஷெஸ்ஸி. ஷெல் போகும் வண்டியில் தவறி ஏறிவிட்டால் அது வால் து ஃபொந்த்னேக்குப் போகாது. பலகையை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். மஜெந்தா ஆழமான நிலையம்தான், ஆனாலும் நகரும் படிகளும் மின்தூக்கியும் இருக்கின்றன.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஓகஸ்ட் மாதக் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் வரும் வாரஇறுதியில் இந்தப் பக்கம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. தேரையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் நாளைக் கோயிலில் கேட்டு உறுதிசெய்துவிட்டு இன்றே பதிவு செய்யுங்கள்.

ஸ்காபரோ பயணி எழுதியது:

நாங்கள் போன ஆண்டு கனடாவிலிருந்து வந்தபோது செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். "தோர்சி, டிஸ்னியிலிருந்து பதினைந்து நிமிடம்" என்று போட்டிருந்த ஒரு மலிவு விடுதியை மூன்று இரவுக்குப் பதிவு செய்தோம். பதினைந்து நிமிடம் என்பது தோர்சி நிலையத்தில் வண்டியில் ஏறிய பிறகான கணக்கு. விடுதி நிலையத்திலிருந்து பேருந்தில் போகவேண்டிய தூரத்தில், நெடுஞ்சாலையோரம் இருந்தது. தொடருந்துச் சீட்டு பேருந்தில் செல்லாது, பேருந்துக்குத் தனிச்சீட்டு வேண்டும் என்பதை ஓட்டுநர் முன் நின்றபோதுதான் தெரிந்துகொண்டோம். முதல் இரவு கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, சாலைச் சுற்றுவட்டம் ஒன்றின் ஓரமாக நடைபாதையில்லாத புல்லில் குழந்தைத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். மறுநாள் இரவும் அதற்கடுத்த இரவும் வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தைச் சேர்த்துப் பார்த்தால் செரிஸில் நன்றாகவே தங்கியிருக்கலாம்.

ஆகவே விடுதியின் பெயரைப் பார்க்காமல் முகவரியைப் பாருங்கள். அந்த முகவரியிலிருந்து நிலையத்துக்கு நடைவழியை, இரவு பதினொன்றரை மணி என்று நேரம் குறித்து, வரைபடத்தில் தேடிப் பாருங்கள். விலையில் சேராத சுற்றுலா வரி ஒன்றையும் வரவேற்பு மேசையில் கேட்பார்கள். பெரியவர்களுக்கு மட்டும், தலைக்கு, இரவொன்றுக்கு. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை.

விமானத்தில் வருவோர் யாராவது இதைப் படித்தால்: சார்ள் து கோல் விமான நிலையத்திலிருந்து ஷெஸ்ஸிக்கு அதிவேகத் தொடருந்து நேராகப் போகிறது, பத்து நிமிடம் அளவில்தான் ஆகும். முன்கூட்டியே எடுத்தால் அதுவே வசதி.

குறொய்டன்காரி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தோர்சிக் கதையைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பட்டியலில் வைத்திருந்த இரண்டு விடுதிகள் உடனே காணாமல் போயின. அம்மாவின் முழங்காலை நினைத்தால் செரிஸ்தான் சரி என்று படுகிறது. பதிவு செய்வதற்கு முன் இன்னும் இரண்டு கேள்விகள். டிஸ்னியின் சொந்த இடங்களில் ஒன்றாக டேவி குரொக்கெற் பண்ணை என்ற மரவீட்டுத் தங்குமிடம் ஆறு பேர் வரை எடுக்கும் என்று காட்டுகிறது. அதை எடுத்தால் என்ன? வாரப் பயண அட்டை எங்களுக்கு உதவுமா?

மார்ன் நதிக்கரை எழுதியது:

சகோதரி, அந்தப் பண்ணையிடம் அழகானது, காட்டுக்குள் சமையலறையோடு கூடிய வீடுகள். ஆனால் அங்கிருந்து பூங்காவுக்குப் பேருந்து விடுவதில்லை. சொந்த வாகனத்தில் கலே துறைமுகம் வழியாக வருவோருக்குத்தான் அது பொருந்தும். டிஸ்னி விடுதிகளின் விலையைப் பார்க்கும்போது, வரும் நாளிலிருந்து திரும்பும் நாள் வரைக்குமான பூங்கா நுழைவுச்சீட்டு அந்தத் தொகுப்பில் அடங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கழித்துவிட்டே ஒப்பிடவேண்டும். நீங்கள் நுழைவுச்சீட்டு இன்னும் வாங்கவில்லை என்பதால், ஞாயிறு இரவு ஒன்றை மட்டும் செயென் அல்லது சாந்தா ஃபே விடுதியில் எடுத்து, ஞாயிறும் திங்களும் பூங்காவுக்குப் போனால் என்ன வருகிறது என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அங்கே தங்குவோரைக் காலையில் மற்றவர்களுக்கு முன்பே உள்ளே விடுவார்கள். ஆனாலும் சனியும் திங்களும் வேறிடம், நடுவில் ஓரிரவு அங்கே என்று பெட்டி தூக்கவேண்டி வரும். ஐந்து பேருக்கு அறை கிடைக்குமா என்பதும் வேறு. நானாக இருந்தால் செய்யமாட்டேன்.

வாரப் பயண அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், நீங்கள் என்று வாங்கினாலும் சரி. சனியில் வந்து செவ்வாயில் போகும் உங்களுக்கு இரண்டு வாரம் குறுக்கே வருவதால் அது வீண். இரண்டு யூரோ நவிகோ ஈசி அட்டையில் தேவையான சீட்டுகளை ஏற்றிக்கொள்ளுங்கள். ஓர் அட்டையை இருவர் மாறிமாறித் தட்டிப் போகமுடியாது. தலைக்கு ஒன்று வேண்டும். சின்னவளின் அட்டையில் அரைக்கட்டணச் சீட்டை ஏற்றுங்கள். சனிக்கிழமை கார் து நோரில் இயந்திரத்தின் முன் வரிசை நீளமாக இருக்கும், ஆகவே போய்வரும் எல்லாச் சீட்டையும் ஒரேயடியாக அங்கேயே ஏற்றிவிட்டால் ஷெஸ்ஸியில் நள்ளிரவில் நிற்கவேண்டியதில்லை. வெளியேறும் வாயிலிலும் அட்டையைத் தட்டவேண்டும், பைக்குள் புதைத்துவிடாதீர்கள்.

'ஏ' பாதை வன்சென் நிலையத்துக்கு அப்பால் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று புவாஸி-சென்-லெஜே, மற்றது ஷெஸ்ஸி. நடுவே தோர்சியோடு நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. தம்பி சொன்ன மஜெந்தா வழியில் போனால் வன்செனைத் தாண்டி வால் து ஃபொந்த்னேயில் ஏறுவதால் அந்தப் பிரிவு உங்களைத் தொடாது. எனக்கே அது இதுவரை தோன்றவில்லை, நன்றி தம்பி. கோடையில் பராமரிப்புக்காகப் பாதையின் சில பகுதிகளை நிறுத்துவதுண்டு. புறப்படும் வாரத்தில் இல்-து-பிரான்ஸ் மொபிலிதே செயலியில் உங்கள் நாட்களைத் தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. வண்டிகள் இரட்டைத் தட்டு. உள்ளே ஏறியதும் பிள்ளைகள் மேல்தட்டுக்கு ஓடுவார்கள். அம்மாவைக் கதவருகே படியில்லாத இடத்தில் உள்ள மடக்கு இருக்கையில் உட்காரவைத்து, நீங்களோ கணவரோ அவரோடு நில்லுங்கள். பூங்காவிலிருந்து திரும்பும்போது வால் டூரோப்பில் இறங்க ஒரு நிலையம்தான், மேலே போனவர்களைக் கூப்பிட்டு இறக்குவதற்குள் கதவு மூடிவிடும்.