கல்லிடைக்குறிச்சியில் நுரைத்த ஷாம்பு தாழையூத்துப் பக்கம் பிசுபிசுக்கிறது: காரணம் சொல்லி உதவுங்கள்

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது கல்லிடைக்குறிச்சியில். திருமணமாகி, தாழையூத்துக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூருக்கு வந்து ஓராண்டு ஆகிறது. கடையில் வாங்கும் ஷாம்பு எதைப் போட்டாலும் எனக்குத் தலை அரித்து, வெள்ளைச் செதிளாக உதிரும் என்பதால், நான்கு ஆண்டுகளாக வீட்டிலேயே செய்துகொள்கிறேன். தேங்காய் எண்ணெயில் நானே காய்ச்சிய சோப்பை 100 கிராம் துருவி, அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறியபின் அரை டம்ளர் தேங்காய்ப்பால், இரண்டு கரண்டி சோற்றுக்கற்றாழைச் சதை, ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து அடித்து, பாட்டிலில் ஊற்றி வைப்பேன். தாய்வீட்டில் இருந்தவரை இது நன்றாக நுரைத்தது, முடியும் மெத்தென்று இருந்தது.

இங்கே அதே சோப்பு, அதே அளவு, அதே கை. ஆனால் நுரையே எழும்புவதில்லை. குளித்து முடித்துத் தலை காய்ந்ததும் முடி முழுவதும் பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது, நுனியோ தேங்காய் நார் போல வறண்டு கிடக்கிறது. சீப்பின் பல்லிடுக்கில் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் ஏதோ அப்புகிறது. நகத்தால் சுரண்டினால் காய்ந்த மெழுகு போலச் சுருண்டு வருகிறது. இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. செய்து வைத்த நான்காம் நாளே பாட்டில் உப்பிப்போய், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வெளியேறிப் புளித்த வாடை அடிக்கிறது. இரண்டு மாதங்களாக முடி கொட்டுவதும் கூடியிருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (மேலப்பாளையத்திலிருந்து)

சகோதரி, கைப்பக்குவம் மாறவில்லை என்றால் வேறு எது மாறியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குளிப்பது எந்தத் தண்ணீரில்? ஷாம்பு கரைப்பதற்கும் அதே தண்ணீர்தானா? வெந்நீர் வைக்கும் பானையின் உட்புறம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

அங்கே வாய்க்கால் வற்றாத நாள்களில் கன்னடியன் கால்வாயிலும், மற்ற நாள்களில் ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயிலும் குளிப்போம். இங்கே குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணீர்தான். குடிப்பதற்கு மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. ஷாம்பு கரைத்ததும் போர்த் தண்ணீரில்தான். வெந்நீர்ப் பானைக்குள் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்தால்தான் போகும் என்று அத்தை சொல்கிறார்கள்.

மறுமொழி 2 (சேரன்மகாதேவியிலிருந்து)

உப்புத் தண்ணீருக்கு எலுமிச்சைதான் மருந்து. இரண்டு பழத்தைப் பிழிந்து பாட்டிலில் கலந்து விடுங்கள், பிசுக்கு போய்விடும்.

கேட்டவர்

அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கலக்கிய ஐந்து நிமிடத்தில் பால் திரிந்ததுபோலக் கட்டி கட்டியாகப் பிரிந்து, மேலே எண்ணெய் மிதக்கிறது. முழுவதையும் கொட்டும்படி ஆகிவிட்டது.

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், பாளையங்கோட்டை)

அம்மா, உங்கள் இரண்டு துன்பங்களுக்கும் காரணங்கள் வெவ்வேறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், முதலில் பிசுக்கைப் பார்ப்போம்.

நீங்கள் காய்ச்சுவது உண்மையான சோப்பு. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் காரத்தோடு சேர்ந்து உருவாகும் உப்பு அது. அது தண்ணீரில் கரையும் வரைதான் நுரைக்கும், அழுக்கை எடுக்கும். உங்கள் ஊர்த் தண்ணீரிலோ கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கின்றன. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை அமைந்ததே அந்தப் பக்கத்து மண்ணில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான். அந்தப் பாறை இடுக்குகளில் ஊறி நிற்கும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருப்பது இயல்பு. பொதிகையில் பெய்த மழை கடினமான பாறை மேல் ஓடி வரும் ஆற்றுத் தண்ணீரில் அது குறைவு. சோப்பு கால்சியத்தைச் சந்தித்ததும், தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாறிவிடுகிறது. சீப்பில் நீங்கள் சுரண்டிய மெழுகு அதுதான். அது முடி மேல் படிந்துகொண்டால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. அழுக்கை எடுக்க வேண்டிய சோப்பில் பெரும்பகுதி இப்படியே வீணாவதால் நுரையும் எழும்புவதில்லை.

எலுமிச்சை கலந்ததும் திரிந்ததற்கும் விளக்கம் உண்டு. அமிலம் சேர்ந்தால் சோப்பு உடைந்து, மீண்டும் கரையாத கொழுப்பு அமிலமாகிவிடும். எலுமிச்சையின் இடம் பாட்டில் அல்ல. தலையை அலசி முடித்தபின், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சாறு என்ற அளவில் கலந்து கடைசியாக ஊற்றலாம். ஏற்கெனவே படிந்திருக்கும் பிசுக்கை அது ஓரளவு இளக்கும். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் வேண்டாம், எரியும்.

நான் சொல்வதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பாதியளவு தண்ணீர் எடுங்கள். ஒன்றில் போர்த் தண்ணீர், மற்றொன்றில் குடிநீர்க் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை சோப்புத் துருவலைப் போட்டு, இருபது முறை குலுக்கிவிட்டு வையுங்கள். இலக்கம் தெரிய வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

சலவைச் சோடா போட்டால் தண்ணீர் மென்மையாகும் என்று யாராவது சொல்வார்கள். துணிக்கு அது சரி, தலைக்கு வேண்டவே வேண்டாம். சோப்புக் கரைசலே காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருக்கும். தலைத்தோலோ இலேசான அமிலத்தன்மை உடையது. காரம் கூடக் கூட முடியின் மேற்செதில்கள் விரிந்து, ஒன்றோடொன்று உரசிச் சிக்குப் பிடிக்கும். உங்கள் முடி நுனி வறண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்டவர்

ஐயா, செய்து பார்த்தேன். குழாய்த் தண்ணீர் பாட்டிலில் நான்கு விரற்கடை நுரை எழும்பி நெடுநேரம் நின்றது. போர்த் தண்ணீர் பாட்டிலில் நுரையே இல்லை. தண்ணீர் கழனித்தண்ணீர் போலக் கலங்கி, மேலே தயிர்த் துணுக்குகள் போல மிதந்தன. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த ஊர்த் தண்ணீரில் துணி வெளுக்காததற்கும் இதுதான் காரணமா என்று கேட்டார்கள். குடிநீரைக் குளிப்பதற்குச் செலவழிக்க எனக்கு மனமில்லை, அவ்வளவு வருவதும் இல்லை. அப்படியானால் வீட்டு ஷாம்புவை நான் விட்டுவிடத்தான் வேண்டுமா?

மறுமொழி 4 (வீரவநல்லூரிலிருந்து, 71 வயது)

விட வேண்டாம் மகளே, சோப்பை மட்டும் விடு. எங்கள் காலத்தில் தலைக்குச் சோப்பு போட்டவர்கள் யார்? நாங்குநேரிப் பக்கம் உப்புத் தண்ணீர்க் கிணற்றில் குளித்து வளர்ந்தவள் நான். எங்கள் ஆச்சி சீயக்காயும், அரப்பு என்றும் சொல்லும் உசிலை இலைப் பொடியும் போட்டுத்தான் எங்கள் நான்கு பேருக்கும் தலை தேய்த்துவிடுவாள். அந்தத் தண்ணீரிலும் முடி பட்டுப்போல அலசிவரும்.

ஒருவர் ஒருமுறை குளிக்க நான் செய்வதைச் சொல்கிறேன். சீயக்காய் எட்டு, பூந்திக்கொட்டை மூன்று, இவற்றை முந்தின இரவே இரண்டு டம்ளர் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பூந்திக்கொட்டையை உடைத்துக் கறுப்பு விதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் போடு. மூன்றுக்கு மேல் போடாதே, அது எண்ணெயை அடியோடு வாரிக்கொண்டு போய் முடியை உலர்த்திவிடும். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தைத் தனியாக ஊறவை. காலையில் சீயக்காயையும் பூந்திக்கொட்டைத் தோலையும் ஊறிய தண்ணீரோடு சிறு தீயில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டு. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கறுத்துப்போகும்; எவர்சில்வரோ மண்சட்டியோ நல்லது.

நீ கேட்கும் மெதுமெதுப்பு இனிமேல்தான் வருகிறது. செம்பருத்தி இலை பத்துப் பதினைந்தை அடுப்பில் ஏற்றாமல், பச்சையாகவே ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கசக்கு. முதலில் ஒன்றும் தெரியாது. கசக்கக் கசக்கத் தண்ணீர் கனத்து, விரலைத் தூக்கினால் நூல்போல இழுபட்டுக் கொண்டு வரும். அந்தப் பதம் வந்ததும் சக்கையைப் பிழிந்து போட்டுவிடு. அந்த வழுவழுப்பையும், அரைத்த வெந்தயத்தையும், அன்று சோறு வடித்த கஞ்சி அரை டம்ளரையும் சீயக்காய்த் தண்ணீரில் கலந்து இன்னொரு முறை வடிகட்டிக்கொள். வடிகட்டச் சோம்பல்பட்டால் தூள் தலையில் தங்கி, அதுவே அரிப்பாகும். கண்ணை இறுக மூடிக்கொள். பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டால் அரைநாள் சிவந்து கிடக்கும்.

கடையில் பார்க்கும் நுரையை இதில் தேடாதே. இலேசாகத்தான் நுரைக்கும், ஆனால் அழுக்கு போகும்.

மறுமொழி 3 (ஆசிரியர், மீண்டும்)

அம்மையார் சொன்னது அறிவியலுக்கும் பொருந்துகிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பவை சபோனின்கள். அவையும் நுரைத்து எண்ணெயைப் பிரித்தெடுக்கும். ஆனால் சோப்பைப்போலக் கால்சியத்தோடு சேர்ந்து மெழுகாகப் படிவதில்லை. கரைசலும் இலேசான அமிலத்தன்மை கொண்டது என்பதால் முடியின் செதில்கள் படிந்தே இருக்கும். வெந்தயமும் செம்பருத்தி இலையும் தரும் வழுவழுப்பு, முடி மேல் மெல்லிய படலமாகத் தங்கி ஈரம் சட்டென்று போய்விடாமல் காக்கிறது.

தேங்காய்ப்பாலை ஷாம்புவில் கலப்பதால் பெரிய பயன் இல்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெயை நுனிவரை தடவிக்கொள்ளுங்கள். அதில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் அந்த எண்ணெய் முடித்தண்டின் உள்ளே செல்கிறது, அலசும்போது முடி தன் புரதத்தை இழப்பதும் குறைகிறது.

மறுமொழி 5 (தென்காசியிலிருந்து, வீட்டில் சிறு அளவில் தயாரித்து விற்பவர்)

பாட்டில் உப்பியதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். தேங்காய்ப்பாலும் கற்றாழையும் சேர்ந்த தண்ணீர், கிருமிகளுக்கு நல்ல சாப்பாடு. வெளியே வைத்தால் நம் வெயிலில் இரண்டாம் நாளே புளிக்கத் தொடங்கும்; புஸ்ஸென்று வந்தது அதில் உண்டான வாயு. அதைத் தலையில் தேய்ப்பது, அரிப்பு உள்ளவர்களுக்கு மிகவும் தவறு, தயவுசெய்து கொட்டிவிடுங்கள். மூலிகைத் தண்ணீரும் இதே கதைதான். ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நான் என் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கானதை மொத்தமாகக் காய்ச்சி, ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, முந்தின இரவு வேண்டிய கட்டிகளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிடுவேன். செம்பருத்தியை மட்டும் அன்றன்று கசக்கிக்கொள்வேன். கற்றாழையைச் சேர்ப்பதாக இருந்தால், மடலை வெட்டியதும் சற்று நேரம் நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பால் முழுவதும் வடிந்தபின் சதையை எடுங்கள். அந்தப் பாலே சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும்.

முடி கொட்டுவது இரண்டு மாதத்துக்கு மேலும் நீடித்தால், தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரத்தசோகையாலோ தைராய்டாலோ கொட்டும் முடியைச் சீயக்காய் நிறுத்தாது.

கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து)

பதில் எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. வாரம் இருமுறை வீரவநல்லூர் ஆச்சி சொன்ன முறையில்தான் குளிக்கிறேன். முதல் இரண்டு குளியலில் மாற்றம் தெரியாமல் மனம் சோர்ந்தேன்; பழைய மெழுகு போக நாளாகும்போலிருக்கிறது. மூன்றாம் முறை எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றி அலசிய பிறகு பிசுக்கு குறைந்தது. இப்போது சீப்பில் ஒன்றும் அப்புவதில்லை. கடைசியாக ஊற்ற மட்டும் ஒரு செம்பு ஆற்றுத் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்கிறேன், அதற்கு அத்தையும் ஒன்றும் சொல்வதில்லை. மருத்துவரிடமும் காட்டினேன், இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நுனி வறட்சி இன்னும் முழுவதும் போகவில்லை, அந்த இரண்டு விரற்கடையை வெட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஆச்சி, இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இங்கே உசிலை இலை கிடைக்கிறது, நீங்கள் அதன் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

மறுமொழி 4 (வீரவநல்லூரிலிருந்து)

நிழலில் காயவைத்துப் பொடித்துச் சலித்து, ஒரு குளியலுக்கு இரண்டு மேசைக்கரண்டி எடுத்து வடிகஞ்சியில் குழை மகளே. உசிலை போடும் நாளில் பூந்திக்கொட்டை வேண்டாம்.

வெட்டிய நுனி வளர்ந்ததும் எழுது.