புதுப்பிப்பு: இனிஷியல் சிக்கல் தீர்ந்தது

மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயராக நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் படிக்கப் போகிறவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழ் கிடைக்குமா என்று மார்ச் மாதம் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது! நேற்று மாலை மின்னஞ்சலில் வந்தது.

இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி இணைத்தேன். 'இனிஷியல் என்பது தந்தை பெயரின் முதலெழுத்து' என்ற வரியைத் தனியாகச் சேர்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. நம் பெயர் வழக்கம் அறியாதவருக்கு அந்த ஒரு வரிதான் விளக்கம். உங்கள் பெயரும் இப்படி இருந்தால் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

உண்மையில் என்னை அலையவிட்டது கல்லூரி அலுவலகம்தான். ஒரு முத்திரைக்காக மூன்று முறை போனேன்.

குளிர்காலப் பருவத்துக்கு நான் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களில் ஜூலை 15 கடைசி நாள். வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களை ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காகப் பரிசீலிக்கும் யூனி அசிஸ்ட் (uni-assist) வழியாக முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அதனால் நான்கோடு நிறுத்திக்கொண்டேன். இனி விசாவுக்காக முடக்கக் கணக்கில் (ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும். கல்விக்கடன் கேட்க நாளை அம்மாவும் நானும் வங்கிக்குப் போகிறோம்.