மறு: நம்ம விளையாட்டுச் சொல் பட்டியல்ல சப்ளிமென்ட்டுக்கு (சாப்பாட்டுக்கு மேல எடுக்கற பொடி, மாத்திரை) தமிழ்ல என்ன? ("அனுமதிக்கப்பட்ட" மட்டும் வேணாம்)

> "அனுமதிக்கப்பட்ட ஊட்டச்சத்து"ன்னு போட்டுட்டு போயிடலாமே, எல்லாருக்கும் புரியுது

புரியுது அண்ணே, தப்பா புரியுது. அமெரிக்கக் காலேஜ் விளையாட்டுக்கு விதி போடுற என்.சி.ஏ.ஏ. எந்த சப்ளிமென்ட் டப்பாவுக்கும் அனுமதின்னு ஒண்ணு குடுக்கறதே இல்ல. அவங்ககிட்ட இருக்கறது தடை லிஸ்ட் மட்டும்தான், அதுவும் வகை வகையா பிரிச்சு கீழ சில உதாரணம், அப்புறம் வேதியியல்ல இதுக்கு சொந்தபந்தம் எதுவா இருந்தாலும் தடைதான்னு ஒரு வரி. லிஸ்ட்ல பேர் இல்லையே, அப்ப ஓகேன்னு நெனச்சு ஒரு பையன் முழுங்கி சோதனைல மாட்டினா ஒரு முழு வருஷம் ஆட முடியாது. 2015ல ஃப்ளோரிடா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல குவாட்டர்பேக்கா (பந்து எறியறவர்) ஆடின வில் க்ரியர் மாட்டினது சாதாரணமா கடையில கிடைக்கிற சப்ளிமென்ட்டாலதான், டீம் மருத்துவ ஆளுங்ககிட்ட காட்டிக் கேக்காம எடுத்தேன்னு அவரே சொன்னாரு.

அடுத்தது கிரியேட்டின். இது தடை லிஸ்ட்ல இல்ல, பையன் சொந்தக் காசுல வாங்கி சாப்பிடலாம். ஆனா 2000ல வந்த விதி, காலேஜ் அத வாங்கிக் குடுக்கக்கூடாதுன்னு சொல்லுச்சு, ஏன்னா அது தசை ஏத்துற ரகம். குடுக்கலாம்னு மொதல்ல வச்சது எலக்ட்ரோலைட் பானம், எனர்ஜி பார், கார்போஹைட்ரேட் பூஸ்டர், விட்டமின்-மினரல், அவ்ளோதான் (பின்னாடி கொஞ்சம் தளர்த்தினாங்க). இப்ப சொல்லுங்க, கிரியேட்டின் "அனுமதிக்கப்பட்டதா" இல்லையா? ஒரே சொல்ல வச்சா ரெண்டு பதிலும் சரி, ரெண்டு பதிலும் தப்பு. அதனால என் யோசனை, ஆட்டக்காரர் பக்கத்துக்கு "தடைப்பொருள்", காலேஜ் பக்கத்துக்கு "வழங்கத்தக்கது / வழங்கத்தகாதது". "அனுமதி"ய அகராதிய விட்டே தள்ளிடுவோம்.

"ஊக்கமருந்து"ம் இடிக்குது. பத்திரிகைல பழகிடுச்சு, மாத்த முடியாது, ஆனா அந்த லிஸ்ட்ல மூத்திரம் போக வைக்கிற மாத்திரையும் இருக்கு, துப்பாக்கி சுடுறவங்களுக்கு மட்டும் பீட்டா ப்ளாக்கரும் தடை. அது நெஞ்சுத் துடிப்ப அடக்கி கை நடுங்காம பண்றது, அதுல எங்க ஊக்கம்? ஸ்டிமுலன்ட்ங்கற ஒரு வகைக்கு மட்டும் "ஊக்கி"ன்னு வச்சுக்கலாம். காப்பி குடிக்கறவங்க பயப்பட வேணாம், காஃபின் ஊக்கி வகைலதான் வருது, ஆனா சிறுநீர்ல ஒரு மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம் தாண்டினாத்தான் மாட்டும்.

சரி, சப்ளிமென்ட்டுக்கு வருவோம். "இணை உணவு" வேணாம், நம்மூர் அங்கன்வாடில குழந்தைக்கு குடுக்கற சத்துமாவுக்கு அந்தப் பேர் போயிடுச்சு. "துணை உணவு"ன்னா தொட்டுக்க என்னன்னு கேப்பாங்க. "மிகைநிரப்பி"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, எனக்கு உடனே கணக்குப் பாடத்து 180 டிகிரி கோணம்தான் ஞாபகம் வருது. நான் சொல்றது "மேற்சத்து". மேற்செலவு, மேற்படிப்பு மாதிரி, ஏற்கனவே இருக்கறதுக்கு மேல. மேல்வரும்படியும் நெனப்புக்கு வரும், வரட்டுமே, கொஞ்சம் சந்தேகத்தோட பாக்க வேண்டிய சரக்குதானே.

-----

மேற்சத்து காதுக்கு நல்லா இருக்கு, ஆனா ஒத்துக்க மாட்டேன். "சத்து"ங்கறது விக்கிறவன் சொல்ற சொல்லு. அமெரிக்காவுல 1994 சட்டத்துக்கு அப்புறம் இந்த டப்பாவ எல்லாம் கடைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எஃப்.டி.ஏ. (அந்த நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் வாங்கணும்னு இல்ல. 2000-01ல ஜெர்மனில கொலோன் ஊக்கமருந்து ஆய்வகத்துல 13 நாட்டுல வாங்கின 634 சப்ளிமென்ட்ட சோதிச்சுப் பாத்ததுல 94ல லேபிள்ல சொல்லாத ஹார்மோன் சமாச்சாரம் இருந்துச்சு, கிட்டத்தட்ட ஏழுல ஒண்ணு. அத "சத்து"ன்னு நாமளே கூப்பிட்டா எப்படி? எங்க அக்கா பொண்ணு அங்க ஒரு காலேஜ்ல ட்ராக் ஓடுறா, ஜிம்ல யாரோ குடுத்த பொடிய "சத்துப் பொடிதானே மாமா"ன்னா, நான் கத்தின கத்துல அடுத்த நாளே காலேஜ்ல இதுக்குன்னே இருக்கற ஆளுகிட்ட டப்பாவோட போய் நின்னா. மூணாம் ஆள் சோதிச்ச முத்திரை ஒட்டின டப்பான்னா ஆபத்து கம்மி, இல்லவே இல்லன்னு முத்திரை குடுக்கறவங்களும் சொல்லல.

"மேற்சேர்க்கை"ன்னு வைங்க. புகழ்ச்சியும் இல்ல, திட்டும் இல்ல.

-----

சரி, "சத்து" விழுந்துச்சு. பட்டியல்ல மேற்சேர்க்கைன்னு மாத்திட்டேன், "வழங்கத்தகா மேற்சேர்க்கை"ன்னு சேத்துப் படிச்சாலும் வாய்ல நிக்குது. ப்ரீ-வொர்க்கவுட்டுக்கு (பயிற்சிக்கு முன்னாடி எடுக்கற பொடி) யாராவது சொல்லுங்களேன்? "பயிற்சிமுன்" வேணாம், போன வாரமே சிரிச்சாச்சு.